காது கொடுக்காத பூனைக்கு எந்த சுகர் மெஷின்?

சர்க்கரை நோய் வந்த பூனைக்கு வீட்டிலேயே சுகர் பார்க்க மெஷின் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எது ரொம்பத் துல்லியம்?" என்றுதான். பூனைக்காக வாங்குகிறவர் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "எதற்கு ரத்தம் குறைவாகப் போதும்?" மனித விரலைக் குத்தி அழுத்தினால் துளி தாராளமாகத் திரண்டு வரும். பூனையின் காதோரத்தில் வருவது கடுகளவு. அது தலையை உதறுவதற்குள் அந்தக் கடுகளவு, மெஷினில் செருகும் சோதனைப் பட்டையான ஸ்ட்ரிப்பில் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் ஸ்ட்ரிப் வீண், இன்னொரு குத்து, இன்னொரு மல்லுக்கட்டு. மூன்றாவது நாளே பூனை உங்களைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

மல்லுக்கட்டு வெறும் தொல்லையோடு நிற்பதில்லை, வருகிற எண்ணையும் கெடுத்துவிடும். பயத்திலும் திமிறலிலும் பூனைக்கு ரத்தச் சர்க்கரை மளமளவென்று ஏறும். வீட்டில் நிம்மதியாக இருக்கும் ஆரோக்கியமான பூனைக்கு டெசிலிட்டருக்கு 80 முதல் 150 மில்லிகிராம் வரை இருக்கும். அதே பூனை, சர்க்கரை நோயே இல்லாவிட்டாலும், மருத்துவமனை மேசையில் 300ஐத் தாண்டுவது உண்டு. வீட்டில் பார்க்கச் சொல்வதன் காரணமே இதுதான். வீட்டிலும் இரண்டு பேர் அமுக்கிப் பிடித்து எடுத்தால் அந்த லாபம் போய்விடும். திமிறிய பத்து நிமிடத்துக்குள் எண் ஏறிவிடும். இறங்க ஒன்றரை, இரண்டு மணி நேரம்கூட ஆகும். எனவே மீட்டர் (சுகர் மெஷின்), லான்செட் (குத்தும் சிறு ஊசி), சென்சார் (தோலில் ஒட்டி அளப்பது) என்று ஒவ்வொன்றையும் பூனையை எவ்வளவு குறைவாகத் தொந்தரவு செய்கிறது என்பதை வைத்தே இங்கே எடைபோட்டிருக்கிறோம்.

மீட்டர்களில் எது தேறும்

நம் வீடுகளில் பெரியவர்களுக்கென்று அதிகம் வாங்கப்படுவது அக்யு-செக் ஆக்டிவ். மனிதருக்கு நல்ல மெஷின். பூனைக்கு வேண்டாம். அது கேட்பது 1 முதல் 2 மைக்ரோலிட்டர் ரத்தம், ஏறக்குறைய ஒரு கேழ்வரகு அளவுத் துளி. துளியை ஸ்ட்ரிப்பின் நடுவில் உள்ள கட்டத்தின் மேல் வைக்க வேண்டும். காதை ஸ்ட்ரிப்பின் மேல் கவிழ்க்க எந்தப் பூனையும் சம்மதிக்காது. ஒன்டச் செலக்ட் பிளஸ் கேட்பது 1 மைக்ரோலிட்டர். அடிக்கடி குத்திப் பழகிய காதில் அது கிடைக்கும், முதல் மாதத்தில் கிடைக்காது.

அக்யு-செக் இன்ஸ்டன்ட், கான்டூர் பிளஸ் இரண்டுக்கும் 0.6 மைக்ரோலிட்டர் போதும். சிறு கடுகு ஒன்றின் அளவு. இன்ஸ்டன்ட் ஸ்ட்ரிப்பின் நல்ல குணம், அதன் அகலமான மஞ்சள் விளிம்பில் எந்த இடம் துளியைத் தொட்டாலும் உறிஞ்சிக்கொள்ளும். ஆடுகிற காதுக்கு இது பெரிய சலுகை. நான்கு நொடிக்குள் எண் வந்துவிடும்.

கான்டூர் பிளஸ்ஸின் ஸ்ட்ரிப் நுனி குறுகியது, குறிபார்த்துத் தொட வேண்டும். ஆனால் வேறு எந்தக் குணத்தையும்விடப் பூனைக்குப் பயன்படும் ஒன்று அதில் இருக்கிறது. முதல் தொடலில் ரத்தம் போதவில்லை என்றால் மீட்டர் பிழை காட்டி முடித்துக்கொள்ளாது. அதே ஸ்ட்ரிப்பில் இன்னும் கொஞ்சம் ரத்தம் சேர்க்க அரை நிமிடம் அவகாசம் தரும். பூனை தலையை உதறிவிட்டுத் திரும்ப அமர்ந்ததும், காதில் மிச்சம் திரண்டிருக்கும் துளியை இன்னொரு முறை தொட்டால் போதும். திமிறுகிற பூனைக்கு மருந்துக் கடையில் ஒரு மீட்டர் மட்டும் வாங்குவதென்றால் கான்டூர் பிளஸ்ஸைத்தான் சொல்வோம். அதன் பீப் ஒலியை அமைப்பில் நிறுத்திவிடுங்கள். ஒலியையும் குத்தையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளப் பூனைக்கு ஒரு வாரம் ஆகாது.

ஆல்ஃபாட்ராக் பிராணிகளுக்கென்றே செய்யப்பட்டது. அபாட் நிறுவனத்தின் பிராணிநலப் பிரிவோடு 2015இல் சோயெட்டிஸ் என்ற பிராணி மருந்து நிறுவனத்திடம் போனது. அதற்கு 0.3 மைக்ரோலிட்டர் போதும், கசகசா ஒன்றின் அளவு. ரத்தத்தை ஸ்ட்ரிப்பின் பக்கவாட்டில் உறிஞ்சும். இரண்டு பக்கத்தில் ஏதாவது ஒன்றில்தான் தொட வேண்டும், இரண்டிலும் தொடக் கூடாது. ஆல்ஃபாட்ராக் 2இல் நாய்க்கு ஒரு குறியீட்டு எண், பூனைக்கு வேறொன்று. ஸ்ட்ரிப் குப்பியின் மேல் இரண்டும் அச்சிட்டிருக்கும். நாயின் எண்ணிலேயே விட்டுவிட்டுப் பூனைக்குப் பார்த்தால் கிடைக்கும் அளவை நம்ப முடியாது. ஆல்ஃபாட்ராக் 3இல் குறியீடு போடும் வேலை இல்லை. ஆனால் 2இன் ஸ்ட்ரிப் 3இல் சேராது, மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

ஆல்ஃபாட்ராக்கின் உண்மையான குறை பணமும் கிடைப்பதும்தான். அமெரிக்காவிலேயே ஒரு ஸ்ட்ரிப் ஒரு டாலருக்கு மேல். நம் ஊர்ச் சாதாரண மருந்துக் கடையில் கிடைக்காது. மனித மீட்டரின் ஸ்ட்ரிப் ஒன்று ஏறக்குறைய இருபது ரூபாய். நாளுக்கு இரண்டு முறை இன்சுலின் போடும் பூனைக்கு அந்த இரண்டு வேளை மட்டும் பார்த்தாலே மாதம் 60 ஸ்ட்ரிப். வீணாவதையும் சேர்த்தால் 75, 80. ஸ்ட்ரிப் விலைக்குப் பயந்து சோதனையைக் குறைத்துக்கொள்கிறவருக்கு எவ்வளவு துல்லியமான மீட்டர் இருந்தும் பயனில்லை.

மனித மீட்டர் பூனைக்குப் பொய் சொல்லுமா

கொஞ்சம் குறைத்துச் சொல்லும். மனித ரத்தத்தில் குளுக்கோஸில் ஏறக்குறைய 58 சதவீதம் பிளாஸ்மாவிலும் (ரத்தத்தின் நீர்ப்பகுதி) 42 சதவீதம் சிவப்பணுக்களிலும் இருக்கிறது. பூனை ரத்தத்தில் 93 சதவீதம் பிளாஸ்மாவில், 7 சதவீதம்தான் சிவப்பணுக்களில். மனித விகிதத்தை வைத்துக் கணக்குப் போடும் மீட்டர், பூனையின் உண்மை அளவைவிடத் தாழ்வாகக் காட்டுவது இதனால்தான். தாழ்வான அளவுகளில் இடைவெளி சிறியது, உயரப் போகப் போக விரியும்.

தவறு எந்தப் பக்கம் என்று பார்த்தால் பயம் குறையும். குறைத்துக் காட்டும் மீட்டர், "சர்க்கரை தாழ்ந்துவிட்டது, சோறு வை" என்று முன்கூட்டியே எச்சரிக்கிறது. ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது: வீட்டில் மனித மீட்டர், மருத்துவரிடம் ஆல்ஃபாட்ராக், இரண்டு எண்களையும் ஒரே நோட்டில் எழுதி இன்சுலின் அளவை மாற்றுவது. எந்த மீட்டரில் எடுத்தது என்பதை ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் எழுதுங்கள். மருத்துவரிடம் போகும்போது உங்கள் மீட்டரைக் கையோடு கொண்டுபோய், அங்கே எடுக்கும் ரத்தத்திலேயே ஒரு துளியை இதிலும் பார்த்துவிடுங்கள். நடுவில் மீட்டரை மாற்றாதீர்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். மனித மீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 15197 என்ற சர்வதேசத் தரம் (2013), அளவு 100க்கு மேல் இருந்தால் 15 சதவீதம் வரை முன்பின் இருக்க இடம் கொடுக்கிறது. அதாவது 200 என்று காட்டினால் உண்மை 180ஆகவும் இருக்கலாம், 225ஆகவும் இருக்கலாம். நேற்று 210, இன்று 228 என்று பார்த்துக் கலங்கி, சரிபார்க்க இரண்டாவது குத்து குத்துவது பூனையின் பொறுமையை வீணாக்கும் வேலை. ரத்தசோகை உள்ள பூனைக்கு மீட்டர் கூட்டிக் காட்டும், நீர் வற்றிய பூனைக்குக் குறைத்துக் காட்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். வயதான பூனைகளுக்கு இரண்டுமே வரும்.

லான்செட்டும் காதும்

லான்செட்டில் கேஜ் எண் கூடக் கூட ஊசி மெலிசாகும். வலிக்காதே என்று 33 கேஜ் வாங்குகிறவர்கள் அதிகம். புதுக் காதில் அது குத்தினால் ரத்தமே வராது, நாலு முறை குத்த வேண்டியிருக்கும். ஒரே குத்தில் துளி வரும் 28 கேஜ்தான் பூனைக்குக் கருணை. இரண்டு மூன்று வாரத்தில் காது பழகிச் சுலபமாகச் சொட்டத் தொடங்கியதும் 30க்கு மாறிக்கொள்ளலாம். லான்செட்டை இன்னொரு முறை பயன்படுத்தாதீர்கள், முனை மழுங்கினால் வலி கூடும்.

மீட்டரோடு வரும் குத்தும் பேனாவின் சிக்கல் அதன் "டக்" சத்தம். காதுக்கு ஓர் அங்குலத்தில் அந்தச் சத்தம் கேட்டதும் பாதிப் பூனைகள் குதித்துவிடும். பேனாவைப் பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால் முதல் சில நாட்கள் பூனை சாப்பிடும்போது தூரத்தில் வைத்து வெறுமனே அழுத்தி அந்த ஒலியைப் பழக்குங்கள். லான்செட்டைக் கையால் பிடித்துக் குத்துவதே எங்கள் தேர்வு. முதல் தடவை கை நடுங்கும், பத்தாவது தடவை நடுங்காது.

எங்கே குத்துவது? காதுக்குப் பின்னால் ஒரு சின்ன டார்ச்சைப் பிடியுங்கள். வெளி விளிம்பை ஒட்டி ஒரு நாளம் ஓடுவது சிவப்புக் கோடாகத் தெரியும். அந்த நாளத்துக்கும் காதின் ஓரத்துக்கும் இடையே இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை இருக்கிறது. அங்கேதான். நாளத்தையே குத்தினால் ஆபத்து ஒன்றுமில்லை, ஆனால் ரத்தம் பரவும், மறுநாள் கன்றிப்போய்த் தொட்டாலே சிலிர்க்கும். கறுப்புப் பூனைக்கு டார்ச் இல்லாமல் இந்தப் பட்டை கண்ணுக்குத் தெரியாது.

குத்துவதற்கு முன் காதைச் சூடாக்குவதுதான் பாதி வேலை. குளிர்ந்த காதில் ரத்தம் வராது. ஒரு பழைய சாக்ஸில் கைப்பிடி அரிசியைப் போட்டு முடிச்சிட்டு, மைக்ரோவேவில் 20 முதல் 30 நொடி வையுங்கள். மைக்ரோவேவ் இல்லாத வீட்டில் அரிசியை வாணலியில் லேசாகச் சூடாக்கிச் சாக்ஸில் போடலாம். உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பார்த்து, இதமாக இருந்தால் காதில் அரை நிமிடம், ஒரு நிமிடம் ஒற்றி எடுங்கள். ஈரத்துணி வேண்டாம். காது நனைந்தால் துளி திரளாமல் முடியில் பரவும், நீர் கலந்து எண்ணும் தப்பும். ஸ்பிரிட்டால் துடைக்கவும் வேண்டாம். அந்த வாசனையே பூனையை விரட்டும், குத்திய இடமும் எரியும்.

பிறகு குத்தும் இடத்தில் வாசலினை மிக மெல்லிசாக, பூசியதே தெரியாத அளவுக்குத் தடவுங்கள். இதனால் ரத்தம் முடியில் ஊறாமல் முத்தாக நிற்கும். அதிகம் தடவினால் ஸ்ட்ரிப்பின் வாயை அடைத்துவிடும். காதுக்குப் பின்னால் மடித்த பஞ்சையோ டிஷ்யூவையோ வைத்துக்கொண்டால் காது தொய்யாது, உங்கள் விரலும் குத்துப்படாது. ஸ்ட்ரிப்பை முன்பே மீட்டரில் செருகித் தயாராக வைத்திருங்கள். ஒரு சின்னக் குத்து. துளி வராவிட்டால் உடனே மறுபடி குத்தாமல், குத்திய இடத்தின் அடியிலிருந்து ஓரத்தை நோக்கி விரலால் மெல்லத் தள்ளுங்கள், மாட்டுக்குப் பால் கறப்பதுபோல. ஸ்ட்ரிப்பைத் துளியின் ஓரத்தில் தொட்டால் போதும், அதுவே இழுத்துக்கொள்ளும். மேலே பூசக் கூடாது. முடிந்ததும் பஞ்சால் 20, 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். இதைத் தவறவிட்டால்தான் காது கன்றும்.

தலையை நொடிக்கு நொடி உதறும் பூனைக்கு ஒரு கைவேலை உண்டு. துளி திரண்டதும் அதை உங்கள் சுத்தமான நகத்தின் மேல் ஒற்றி எடுத்துக்கொண்டு பூனையை விட்டுவிடுங்கள். பிறகு நகத்திலிருக்கும் துளியில் ஸ்ட்ரிப்பைத் தொடுங்கள். ஸ்ட்ரிப்பும் மீட்டரும் காதின் பக்கமே போக வேண்டியதில்லை. நகம் சோப்பால் கழுவி உலர்ந்திருக்க வேண்டும். கையில் பால், பழம், பிஸ்கட் ஒட்டியிருந்தால் அந்தச் சர்க்கரையும் சேர்ந்து எண்ணாக வரும்.

அப்படியும் திமிறினால்

பெரும்பாலான பூனைகளுக்குக் குத்து ஒரு பொருட்டே அல்ல. காதோரத்தில் வலி உணர்வு குறைவு. அவை எதிர்ப்பது பிடியை. மேலிருந்து அமுக்கும் கை, பின்னால் போக வழியில்லாத மூலை, காதை இறுக்கும் விரல், இவைதான் கலவரத்துக்குக் காரணம். ஆகவே பிடியைத் தளர்த்தினால் எதிர்ப்பும் தளரும். ஒரே இடம், ஒரே விரிப்பு, ஒரே நேரம் என்று வையுங்கள். முதல் நான்கைந்து நாள் குத்தவே வேண்டாம். மருத்துவர் தினமும் பார்க்கச் சொல்லியிருந்தால் மட்டும், இப்படி நிறுத்திவைக்கலாமா என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விரிப்பில் உட்காரவைத்துக் காதைத் தடவி, சாக்ஸை ஒற்றி, உப்பும் வெங்காயமும் சேராத வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைக் கொடுத்து அனுப்புங்கள். அதன் பிறகு குத்து. சோதனை வெற்றியோ தோல்வியோ, கோழித் துண்டு உண்டு. கோழியில் மாவுச்சத்து இல்லாததால் அளவைக் குலைக்காது.

குளியல் துண்டில் சுருட்டிப் பிடிப்பது சில பூனைகளை அமைதிப்படுத்தும், சிலவற்றை வெறியாக்கும். முதல் முறையே தெரிந்துவிடும். வெறியாகிற பூனையை இரண்டாம் முறை சுருட்டாதீர்கள். பூனை உங்களுக்கு முன்னால், இருவரும் ஒரே பக்கம் பார்த்தபடி, உங்கள் முழங்கால்களுக்கு நடுவே தரையில் உட்கார்வது பல வீடுகளில் சரிப்படும் நிலை. ஐந்து நிமிடத்துக்குள் முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் கிடைக்கும் எண் கோபத்தின் எண்.

காதைத் தொடவே விடாத பூனைக்கு முன்காலின் பின்புறம், மணிக்கட்டை ஒட்டித் தரையில் படாமல் இருக்கும் சின்னத் திண்டு ஒரு மாற்று. தரையில் படாததால் அழுக்கும் குறைவு. பெரிய உள்ளங்கால் திண்டின் ஓரத்திலும் குத்தலாம். ஆனால் அந்தக் கால் மணல்பெட்டிக்குள் போய்வருவது, எனவே கழுவித் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும்.

எதற்கும் அடங்காத பூனைக்கு லிப்ரே சென்சார்

அபாட்டின் ஃப்ரீஸ்டைல் லிப்ரே மனிதருக்காகச் செய்தது. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டு, அடியில் ஐந்து மில்லிமீட்டர் நீள இழை. ஒட்டிய ஒரு மணி நேரம் கழித்து ரீடரையோ கைபேசியையோ அருகில் காட்டினால் எண் தெரியும். குத்து கிடையாது. விலை ஐயாயிரம் ரூபாயை ஒட்டி. பெட்டியில் 14 நாள் என்று இருக்கும், பூனையின் மேல் ஒரு வாரம், பத்து நாள் நின்றாலே நல்லது.

தோள்பட்டைக்குப் பின்னால் அல்லது விலாவின் பக்கவாட்டில், பூனை நக்கவும் பின்காலால் பிறாண்டவும் எட்டாத இடத்தில், ஐந்து சென்டிமீட்டர் சதுரத்துக்கு முடியை ஒட்ட வழிக்க வேண்டும். ஸ்பிரிட்டால் துடைத்து முழுக்கக் காயவிட வேண்டும். ஈரம் இருந்தால் மறுநாளே உரியும். வட்டின் ஓரப் பசையில் மட்டும் மூன்று நாலு துளி தோல் பசை வைத்து ஒட்டி, அரை நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள். ஊசித் துளைக்குப் பக்கத்தில் பசை போனால் சென்சார் செத்துவிடும். முதல் முறை மருத்துவரிடமே ஒட்டிக்கொள்ளுங்கள். கழற்றும்போது இழுக்காமல், ஓரத்தில் தேங்காய் எண்ணெய் ஊறவிட்டு உரியுங்கள்.

குறைகளும் உண்டு. அது அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கு அடியில் உள்ள திசு நீரை. சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடம் பின்தங்கும். 40க்குக் கீழே "எல்ஓ" (தாழ்வு), 500க்கு மேல் "ஹெச்ஐ" (உயர்வு) என்றுதான் காட்டும். பூனை அந்தப் பக்கமாகவே படுத்து அழுத்தினால் பொய்யாகத் தாழ்த்திக் காட்டலாம். முதல் நாள் எண்களை அதிகம் நம்ப வேண்டாம். முதல் தலைமுறை லிப்ரே எட்டு மணி நேரத் தகவலைத்தான் தன்னுள் வைத்திருக்கும், எனவே எட்டு மணிக்கு ஒருமுறையாவது காட்டிவிட வேண்டும். மெலிந்த, தோல் தளர்ந்த பூனைகளில் ஒட்டுவதும் நிற்பதும் கஷ்டம். இவ்வளவும் சொன்ன பிறகும், புதிதாக இன்சுலின் தொடங்கும் முரட்டுப் பூனைக்கு முதல் சென்சார் கொடுத்த காசுக்குத் தகும். சர்க்கரை ஏறி இறங்குவதைக் காட்டும் 12 மணி நேர வரைபடம் வேண்டுமென்றால் மீட்டரில் இரண்டு மணிக்கு ஒரு குத்து, ஏழு குத்து ஆகும். சென்சார் அதை இரவிலும் தானே போட்டுக் கொடுக்கும்.

ஸ்ட்ரிப், வெயில், சிரிஞ்ச்

பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளை 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி அச்சிட்டிருக்கும். நம் சித்திரை, வைகாசியில் மாடி வீட்டு அலமாரிக்குள்ளேயே அதைத் தாண்டும். வீட்டின் குளிர்ச்சியான உள் அறையில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் ஈரம் கோத்துவிடும். குப்பியைத் திறந்து ஒன்றை எடுத்த கையோடு மூடுங்கள். மூடி திறந்தே கிடந்த குப்பியின் ஸ்ட்ரிப்புகள் அர்த்தமில்லாத எண்களைக் காட்டும், அந்தக் குற்றம் பூனை மேலோ மருந்து மேலோ விழும்.

எண் திடீரென்று விழுந்தால் மீட்டரைச் சந்தேகிப்பதற்கு முன் சிரிஞ்சைப் பாருங்கள். நம் கடைகளில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு இன்சுலினும் விற்கிறது, சிரிஞ்சும் இரண்டு விதம்: சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 100 யூனிட் கிளார்ஜின் இன்சுலினைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் ஒரு கோடு இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். பூனைக்கு அது உயிரோடு விளையாடுவது.

வேளை வரிசை மாறாமல் இருக்கட்டும்: முதலில் சோதனை, பிறகு சோறு, பிறகு ஊசி. எந்த எண்ணுக்குக் கீழே ஊசி போடக் கூடாது என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டு மீட்டர் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். ஊசிக்குப் பிறகு நாலு முதல் எட்டு மணி நேரத்துக்குள் சர்க்கரை தாழ்ந்த இடத்தைத் தொடும், வாரத்தில் ஓரிரு நாள் அந்த நேரத்திலும் பாருங்கள். மனித மீட்டரில் 50க்குக் கீழே காட்டினால், அல்லது பூனை தள்ளாடினால், ஒரு சிறு கரண்டி தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவி, விழுங்குகிறதென்றால் சோறு வைத்து, உடனே மருத்துவரை அழையுங்கள். வலிப்பில் இருக்கும் பூனையின் வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள்.

பயன்படுத்திய லான்செட்டையும் சிரிஞ்சையும் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, நிறைந்ததும் இறுக மூடிப் பூனை மருத்துவமனையிலேயே கொடுத்துவிடுங்கள். வீட்டுக் குப்பைப் பையில் போட்டால் அதைக் கையால் பிரிக்கிறவரின் விரலில்தான் ஏறும்.